மூணாவது ஸ்லாட்டு உனக்குத்தான், சலீமு

என் சலீமு,

"இன்னாடா தணிகாசலம், பிரிண்டர் ஓடுதா, ஒப்பாரி வெக்கிதா"ன்னு என் வூட்டு வாசல்ல சைக்கிள நிறுத்திட்டுக் கேப்பியே, அந்தக் கொரல கேட்டு ஏழு மாசம் ஆச்சு. நீ வர்றது தெரு முனையிலேயே தெரிஞ்சுடும். வாயில எப்பவும் அதே விசில். எந்தப் படத்துப் பாட்டுடா அதுன்னு ஒரு நாளும் கேக்கத் தோணல எனக்கு. இப்ப உன் மேல கடுங்கோவத்துல இருக்கேன். ஏன்னு கடைசியில சொல்றேன், அதுக்குள்ள எழுந்து போயிடாத.

போன மாசம் உன் பொண்ணு நஸ்ரீன் ஆட்டோல ஒரு அட்டப்பெட்டியோட வந்து எறங்குச்சு. இன்னும் வெள்ளிமலை ஸ்கூல்லதான் டீச்சர். சனிக்கிழமை ஆனா மலை பஸ்ஸு புடிச்சு எறங்கி வந்துடுது, வளைவுக்கு வளைவு வாந்தி வருதுன்னு இன்னும் பொலம்புது. பெட்டியத் தொறந்தா நம்ம கம்ப்யூட்டர்! உன் செருப்புக் கடைக்குப் பின்னாடி ரூம்ல டிவியோட சேத்து ஓட்டினோமே, அதேதான். உன் வூட்டுப் பரண்ல இருந்துச்சாம்.

"பெரியப்பா, நான் பொறந்தப்ப அத்தா இதுல எனக்குன்னு ஒரு பாட்டு செஞ்சாராமே. அம்மா சொன்னாங்க. அத ஒரே ஒரு தடவ கேக்கணும்"னு சொல்லுச்சு. கையில உன் நோட்டு. பக்கம் பக்கமா வெறும் நம்பரு, மிஷின்ல அடிச்சா பாட்டா வர்ற நம்பரு.

நோட்ட வாங்கி மூடி வெச்சேன். ஏன்னா அந்தப் பாட்டு வரணும்னா உன் மியூசிக் கார்டு வேணும். அந்தக் கார்டு செத்து முப்பது வருஷம் ஆச்சு. சாவடிச்சது என் வூடு.

உனக்கு மறந்திருக்காது. அந்த மிஷினுக்கு கார்டு சொருக மூணே மூணு ஸ்லாட்டு. ஒண்ணுல டிஸ்க் கார்டு, ஒண்ணுல மெமரி கார்டு. அது ரெண்டும் இல்லன்னா மிஷினே இல்ல. மிச்சம் ஒண்ணு. அதுல உன் மியூசிக் கார்டா, என் பிரிண்டர் கார்டான்னு எத்தன நாள் அடிச்சிக்கினோம்! மாத்தி மாத்தி சொருகி ஸ்லாட்டே லூஸாயிடுச்சு. "ஏதாச்சும் ஒண்ண மாட்டி அப்படியே வுட்ருங்க"ன்னு மிஷின வித்தவரே மெட்ராஸ்ல இருந்து கண்டிச்சு எழுதிட்டாரு. பிரிண்டர் இருந்தா கல்யாணக் கவருக்கு அட்ரஸ் அடிக்கலாம், டியூஷன் சென்டருக்கு கேள்வித்தாள் அடிக்கலாம், பொழப்பு ஓடும்னு நான். "எல்லாத்தையும் பொழப்பாவே பாப்பியாடா"ன்னு நீ. உனக்கு உங்க அத்தாவோட செருப்புக் கடை இருந்துச்சுடா. எனக்கு இன்னா இருந்துச்சு? தண்ணியில்லாத கரும்புக் கொல்லை.

அப்பதான் ஆயுத பூஜை வந்துச்சு. எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு இலையில வெக்கணும்னு நீயே மிஷின என் வூட்டுக்குத் தூக்கியாந்து தொறந்த. மூணு கார்டையும் எடுத்து வரிசையா வெச்ச. என் பிரிண்டர் கார்டு டப்பாவுலயே கெடந்ததால தப்பிச்சுது. "அண்ணி, இதுக்கும் பொட்டு வைங்க"ன்னு என் வூட்டுக்காரி செல்வி கிட்ட சொல்லிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கினு கடைக்குப் போயிட்ட.

செல்வி நல்ல மனசோடதான் வெச்சா. மத்த கார்டுக்கு ஓரமா ஒரு பொட்டு. உன் கார்டுக்கு மட்டும், அடியில தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்குமே, ஸ்லாட்டுக்குள்ள போற எடம், அங்க சந்தனத்தக் கொழச்சு வரிசையாத் தடவி மேல குங்குமம் வெச்சா. "தங்கமாட்டம் இருக்குதுங்க, அங்க வெச்சாதான் அழகு"ன்னா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். சாமி காரியத்துல வேணாம்னு சொல்ல வாய் வரல. உண்மையச் சொல்லட்டுமா? போனாப் போவட்டும்னு ஒரு நெனப்பும் உள்ள இருந்துச்சுடா.

மறுநாள் வேட்டி முனையால அவசரமாத் தொடச்சு மாட்டினேன். சத்தமே வரல. நீ வந்து இன்னாடா ஆச்சுன்ன. தெரியலடான்னேன். கார்டக் கழட்டி ரொம்ப நேரம் பாத்த. அப்புறம், "என் தப்புதான். நேத்து கரெண்ட நிறுத்தாம புடுங்கிட்டேன் போல. கார்டு போச்சு. உன்னுத மாட்டிக்கோ"ன்ன.

நான் மாட்டிக்கினேன், மிஷினும் என் வூட்டுலயே தங்கிடுச்சு; நான் வேற கம்ப்யூட்டர் வாங்கினப்புறம்தான் அது உன் வூட்டுக்குத் திரும்புச்சு. அந்த பிரிண்டர் காசுலதான் என் பொண்ணு படிச்சா, அடகுல இருந்த செல்வி மூக்குத்தி மீண்டுச்சு. நீ சாவுற வரைக்கும் உன் கிட்ட உண்மைய சொல்லல.

இந்த ஒரு மாசமா நான் பட்ட பாடு இருக்கே! கெட்டுப்போன பவர் சப்ளைய டிவி மெக்கானிக் கிட்ட குடுத்து சரி பண்ணிட்டேன். மிஷின் ஆன் ஆச்சு. "கார்டு செத்துப்போச்சும்மா, பாட்டு வராது"ன்னு ஒரு வரியில முடிச்சிருக்கலாம். பொய்யும் கெடையாது. ஆனா நேத்து ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்ததும் முடியல. சந்தனத்துல இருந்து அந்த நெனப்பு வரைக்கும் கொட்டிட்டேன். செல்வி சமையக்கட்டு வாசல்ல நின்னு முந்தானைய வாயில வெச்சிக்கினு அழுவுறா. பாவம், அவளுக்கே நேத்துத்தான் தெரியும்.

நஸ்ரீன் அட்டப்பெட்டி அடியில பழைய பேப்பருக்குள்ள கைய வுட்டு, நான் பாக்காத ஒரு பொட்டலத்த எடுத்துச்சு. "இது அத்தா சுத்தி வெச்சது பெரியப்பா. ஒருவாட்டி மாட்டித்தான் பாருங்களேன்"னுச்சு.

பிரிச்சேன். உன் கார்டு. குங்குமமும் இல்ல, சந்தனமும் இல்ல. பல்லு அத்தனையும் பளபளன்னு இருக்கு. கூடவே ஸ்கூல் புள்ளைங்க ரப்பர் ஒண்ணு, தேச்சுத் தேச்சு பாதியாக் கெடக்கு. அதோட ஒரு பக்கம் பூரா குங்குமச் செவப்பு.

என் பிரிண்டர் கார்டக் கழட்டிட்டு அத மாட்டினேன். நஸ்ரீன் நோட்டுல இருந்து நம்பரு படிக்க, நான் ஒத்த வெரல்ல அடிச்சேன். நாலு பக்கம். முடிச்சு ஓட வுட்டேன்.

வந்துச்சுடா சலீமு. டிவியில இருந்து கீச்சுக் கீச்சுன்னு, ஆனா சுத்தமா. நாலு சொரம் போறதுக்குள்ள நஸ்ரீன் என் கையப் புடிச்சிக்கிச்சு. "பெரியப்பா, இது அத்தா விசிலு! சைக்கிள் ஸ்டாண்டு போடும்போது அடிப்பாரே! இதக் கேட்டுத்தான் நான் கதவத் தொறக்க ஓடுவேன்!"

எந்தப் படத்துலயும் வராத பாட்டு. முப்பது வருஷமா என் வாசல்ல நின்னு அடிச்சிருக்க, நான் உள்ள உக்காந்து பிரிண்டர் ஓட்டிக்கினு இருந்திருக்கேன்.

இப்ப சொல்றேன் ஏன் கோவம்னு. கார்டு நல்லாத்தான் இருந்துச்சு. உனக்குத் தெரியும். குங்குமத்தப் பாத்துட்ட, நீயே தொடச்சிட்ட. அப்புறமும் செத்துப்போச்சுன்னு பரண்ல போட்டியே, யாருக்காகடா? ஒரு வார்த்த திட்டியிருக்கக் கூடாதா? சட்டையப் புடிச்சு ரெண்டு அறை வுட்டிருந்தா அன்னிக்கே தீந்திருக்கும். இப்ப யாரு கிட்டடா நான் மன்னிப்பு கேக்கறது?

பிரிண்டர் கார்ட டப்பாவுல போட்டு டேப்பு ஒட்டிட்டேன். இனிமே அது வெளிய வராது. மூணாவது ஸ்லாட்டு உன்னுது. வர்ற ஆயுத பூஜைக்கு மிஷினக் கழட்ட மாட்டோம். செல்வி மூடி மேல மட்டும் பொட்டு வெப்பா. நஸ்ரீன் வந்து உன் பாட்டப் போடும். நான் போயி வாசக் கதவத் தொறப்பேன்.

இப்படிக்கு,
உன் இடத்துல முப்பது வருஷம் உக்காந்திருந்த,
நஸ்ரீனோட பெரியப்பா,
தணிகாசலம்