ஜூனில் வர வேண்டாம்

இயேசு மரி சூசை

சிங்கப்பூர்
7-3-1962

என் செல்ல மகள் உர்சுலாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் கொட்டகை மாடுகளும் சுகம், அந்த நியூசிலாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். அண்ணன் எட்மண்ட் மகனுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, புல் அறுக்கிற பக்கமெல்லாம் வெள்ளம், கறவை குறைந்துவிட்டது. இன்று விபூதிப் புதன், நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்திருக்கிறேன், எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன் அத்தை ஜோசபின் எழுதி நீ தெரிந்துகொள்ளுமுன் நானே எழுதிவிட வேண்டும்.

போன ஞாயிறு உன்னைப் பெண் கேட்டு, ஹார்பரில் கணக்கெழுதுகிற கிராணி வேலை பார்க்கிற ஆம்ப்ரோசும் அவர் சம்சாரமும் மகனுக்காக வந்திருந்தார்கள், ஜோசபினும் கூட வந்தாள். நீ டீச்சருக்குப் படிப்பதாக நான் சொல்லி வைத்திருந்தேன். காளையோடு நிற்கிற உன் படத்தைச் சிராங்கூன் ரோடு ஸ்டூடியோவில் கொடுத்து, காளையை வெட்டிவிட்டு உன்னை மட்டும் பெரிதாக்கி வாங்கினேன், உன் கையிலிருந்த கயிறு மட்டும் படத்தில் தங்கிவிட்டது. உன் அத்தை சும்மா இருப்பாளா. உன் ஞானஸ்நானத்துக்கு வந்தபோதே நம் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள், அன்றைக்குக் கட்டியிருந்தது கிளிப்பச்சைச் சேலை, நான் மறக்கவில்லை. என்ன அண்ணி, டீச்சரம்மா கையில கயிறு, புள்ளைங்கள கட்டிப்போட்டா பாடம் நடத்துறா என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தாள். நான் வாயைத் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டு, அது காளைக் கயிறுலா, எம்மக மாடு வளக்குற படிப்புல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா என்று ஆரம்பித்து, காளையிடம் வித்து எடுத்துக் குழாயில் அடைத்துப் பசுவுக்குப் போடுகிற உன் ஆராய்ச்சி வரைக்கும் கையை நீட்டிக் காட்டிச் சொல்லிவிட்டார். ஆம்ப்ரோஸ் சம்சாரம் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணமாகாத பொண்ணு செய்யற வேலையா இது என்று கேட்டாள்.

நான் அப்போது வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். தெரியாம சேர்ந்துட்டா, எங்களுக்கும் பிடிக்கல, ஜூன்ல எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருவா என்று உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் முகம் தெளிந்து பலகாரம் சாப்பிட்டார்கள், அப்பா எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, நம்ம செவலை கன்னு போட முடியாம கெடந்தப்ப கையை உள்ள விட்டு இழுத்தவ நீதானே, அப்ப உனக்கு வெக்கமா இருந்துச்சா என்று கேட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.

நீ ஜூனில் வர வேண்டாம். என் வாக்கை நீ காப்பாற்ற வேண்டாம், பட்டத்தை வாங்கிக்கொண்டே வா. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் லூர்து மாதா கோயில் வாசலில் அந்தம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், ஜோசபின் பக்கத்தில் நிற்கும்போதே சொல்கிறேன், அவர்கள் வேறு பெண் பார்க்கட்டும். ஆனால் இனி யாராவது உன் படிப்பைப் பற்றிக் கேட்டால் சொல்ல எனக்கு வாய் கூசும், அப்பா மாதிரி கையை நீட்டிக் காட்டவும் வராது.

தேவமாதா உன்னைக் காப்பாளாக. தபசு காலம் என்று பட்டினி கிடக்காதே, கம்பளிச் சட்டை இல்லாமல் கொட்டகைக்குப் போகாதே. நீ படிப்பது இன்னதென்று நாலு பேர் முன்னால் சொல்லுகிற மாதிரி, ஒன்றையும் மறைக்காமல், தமிழில் பெரிய எழுத்தாக எழுதி அனுப்பு. ஒரு தரம் வாசித்தால் எனக்கு மறக்காது.

உன் அம்மா
மரியதங்கம்