பொன்னாடைக்கு முன் ஒரு கேள்வி

மார்ச் 10, திங்கள்
மயூரனின் தோளிலிருந்து நான் பொன்னாடையைப் பிடுங்கவில்லை. எங்கள் ஊர் குருபோங் முழுக்க அப்படித்தான் பேச்சாம். பக்கத்து வீட்டுக் கோமளா சொன்னாள். நடந்தது வேறு. நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் சோதனை ஆலை ஒன்று இங்கே வரப்போகிறது. என் தோழி கஜலட்சுமியின் மகன் மயூரன், கம்பெனி சார்பில் கோயில் மண்டபத்தில் அதைப் பற்றிப் பேசினான். முடிந்ததும் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் சிவசாமி பொன்னாடையை விரித்தார். நம் கூட்டங்களில் ஆடை தோளில் விழுந்தால் அடுத்தது சாப்பாடுதான், கேள்விக்கு இடமில்லை. அதனால்தான் ஆடையின் ஓரத்தைப் பிடித்தேன். பிடித்தேன் — இழுக்கவில்லை.

மார்ச் 11
அப்படியென்ன தப்பான கேள்வி? கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித் தந்ததுதான்: நிலக்கரியில் ஹைட்ரஜன் குறைவு, பெட்ரோலில் அதிகம். கரியைப் பொடித்து எண்ணெயில் குழைத்து, கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனை ஏற்றினால் அது திரவமாகும். அழகான வேலை. ஆனால் சட்டென்று தீப்பிடித்து வெடிக்கக்கூடிய அந்த ஹைட்ரஜனை எங்கே வைப்பார்கள்? ஆலை வருவது எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால்.

மார்ச் 13
சிவசாமி, ஆலைக்குச் சங்கம் தரும் ஆதரவுக் கடிதத்தோடு வந்தார். சங்கச் செயலாளர் நான். என் கையெழுத்தில்லாமல் அது போகாது.
"கெஸ்ட்ட அவமானப்படுத்திட்டீங்க ஆன்ட்டி. சைனாவது போடுங்க லா."
"வாசிக்காமல் என் கல்யாணப் பத்திரத்திலேயே போடவில்லை, சிவசாமி. மாப்பிள்ளை பேனாவோடு காத்திருந்தார்."
சிரித்துவிட்டார். என் கணவர் விஜயரட்ணம் உயிரோடு இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.
கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு
மயூரன் வந்தான், சிவசாமியையும் கூட்டிக்கொண்டு. கோபமா? இல்லை.
"அன்ரி, அண்டைக்கு நீங்க ஒராள்தான் கேள்வி கேட்டனீங்க. மற்ற ஆக்கள் வடையைப் பாத்துக்கொண்டு இருந்தவை."
ஆலையின் வரைபடத்தை விரித்தான். ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து அங்கேயே தயாரிப்பார்களாம். தொட்டிகள்? எங்கள் மதிலோரம் விரல் வைத்தான். மதிலை ஒட்டிய முதல் வீடு சிவசாமியுடையது. டீயைக் கீழே வைத்துவிட்டார்.
"தள்ளி வைக்க ஏலாதோ, தம்பி?" என்று மயூரனைக் கேட்டேன்.
"மற்றப் பக்கம் இடம் கிடக்குது அன்ரி. ஒருத்தரும் கேக்கேல்லை."

மார்ச் 17
ஆதரவுக் கடிதத்தைச் சிவசாமியே கிழித்தார். கம்பெனிக்குப் புதிதாக நான் எழுதியதில் முதல் கையெழுத்தும் அவருடையது. அதன் நகல்:
"உங்கள் ஆலையை நாங்கள் எதிர்க்கவில்லை. ஹைட்ரஜன் தொட்டிகளை வீடுகள் இல்லாத பக்கத்துக்கு மாற்றுவீர்களா? எவ்வளவு தூரத்துக்கு? வாய்மொழி போதாது. தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்."