அனுமந்தைத் திரையில் பச்சை

அனுமந்தை,
3-9-2006

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

கீதாஞ்சலி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சரத்தும் நலம். மஸ்கட்டில் நீங்கள் நலமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை போனில் பேசிய நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடம் இருமினீர்கள். ஏசி ரிப்பேர் செய்கிறவருக்கே ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? வெந்நீர் குடியுங்கள்.

அத்தைக்கு முட்டிவலி குறையவில்லை. உங்கள் தம்பி சரத்துக்குக் கடைவாய்ப் பல் வலி. தெருவே கேட்கிற மாதிரி முனகுகிறான். பல்லைப் பிடுங்கப் போகலாமா என்றால் கடலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிடுகிறான். இவ்வளவு பெரிய ஆளுக்கு ஊசி என்றால் உதறல்.

ஆபீசில் எனக்குப் புதுத் தலைவலி. போன வருடம் நான் எழுதிய கடல் எச்சரிக்கை ப்ரோக்ராம் பதினோரு ஊர்த் தகவல் மையங்களில் ஓடுகிறது அல்லவா? அதில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் நானும் ஒரு சிடியும் பஸ் ஏறிப் பதினோரு ஊர் அலைய வேண்டியிருக்கிறது. இனி இந்த அலைச்சல் வேண்டாம் என்கிறார் எங்கள் டிரஸ்டின் சுப்ராயன் சார். 'எல்லாத்தையும் பிரவுசர்ல போட்டுடும்மா. புதுச்சேரியில ஒரு எடத்துல மாத்தினா பதினோரு ஊர்லயும் மாறணும்' என்று உத்தரவு போட்டுவிட்டார். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப் போகிறது?

எனக்குத் தெரிந்ததெல்லாம் டெஸ்க்டாப் ப்ரோக்ராம்தான். ஒரு விண்டோ, நான்கு பட்டன், அழுத்தினால் வேலை நடக்கும். வெப் பக்கம் என்பது முற்றிலும் வேறு ரகம். அதை ஒவ்வொரு கல்லாக நானே எழுப்ப முடியாது என்பதால், வெளிநாட்டில் யாராவது எழுதி இலவசமாக விட்டிருக்கும் லைப்ரரி ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும். கடையில் அரைத்த மாவு வாங்கி வந்து நம் கல்லில் தோசை வார்ப்பது போலத்தான். எந்தக் கடை மாவு என்பதில்தான் சிக்கல். ஆளாளுக்கு ஒன்றைப் புகழ்கிறார்கள்.

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அப்பாவைக் கடல் கொண்டுபோன அந்த டிசம்பருக்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் எடுத்த முடிவு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. மையத்துத் திரை பச்சையாக இருந்தால்தான் படகைத் தள்ளலாம். சிவப்பென்றால் ஒருவரும் இறங்கக்கூடாது. ஏர்போர்ட்டில் நீங்கள் சொன்னதையும் நான் மறக்கவில்லை. 'தம்பிய உன் ப்ரோக்ராம்கிட்டதான் உட்டுட்டுப் போறேன்' என்றீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
கீதாஞ்சலி


அனுமந்தை,
15-10-2006

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கொடுத்தனுப்பிய தீபாவளிப் புடவை வந்து சேர்ந்தது. பிரித்ததும் அத்தை தன் தோளில் வைத்துப் பார்த்தார். அது எனக்கு வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கே இருக்கட்டும். அடுத்த முறை இரண்டாக அனுப்பப் பாருங்கள்.

லைப்ரரி முடிவாகிவிட்டது. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று தம்மாத்துண்டு. சர்வரிடம் கேட்கும், பதிலை வாங்கித் தரும், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொன்று முழுச் சாப்பாடு. பிரவுசருக்குள்ளேயே டெஸ்க்டாப் மாதிரி விண்டோ, தலைப்புப் பட்டை, பட்டன்கள், மூலையில் வினாடி முள்ளோடு ஒரு கடிகாரம்கூடத் தயாராக இருக்கிறது. என் பழைய ப்ரோக்ராமே எழுந்து வந்து நிற்பது போல இருந்தது. ஒரு மாதமாக ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

நெட்வொர்க் பார்க்கும் தவுசீப் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் தொண்டை வறள வாதாடினான். 'சின்னதையே எடுத்துக்கலாங்க்கா. நாம எழுதினா உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியும். இதுல லைன் கட்டாச்சுன்னா ஸ்க்ரீன் என்ன காட்டும்?' என்று கேட்டான். எரர் காட்டும், வேறென்ன காட்டும் என்றேன். 'பாத்தீங்களா?' என்றான். பார்க்கவில்லைதான். ஆனால் என் ஆறு வருட அனுபவத்தில் எந்த ப்ரோக்ராமும் சத்தம் போடாமல் செத்ததில்லை. சர்வரிலிருந்து பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று நாமே எழுதிக்கொள்ள அந்த லைப்ரரியில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் நிரப்பிக்கொள்ளலாம் என்று அதைக் காலியாக விட்டிருக்கிறேன். மழைக்கு முன்னால் ஓட வேண்டும் என்று சுப்ராயன் சார் தலைமேல் நிற்கிறார்.

இந்த வாரம் பதினோரு ஊரிலும் போட்டாயிற்று. நம் ஊர் மையத்தைப் பார்த்துக்கொள்ளும் பூவிழி கெட்டிக்காரி. 'இது ஓடுதா நின்னுடுச்சான்னு எப்படிக்கா தெரிஞ்சிக்கிறது?' என்று கேட்டாள். மூலையில் கடிகாரம் ஓடினால் எல்லாம் சரி என்று சொல்லிக்கொடுத்தேன். சரத்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, 'அண்ணி, பழசவிட இது ஷோக்கா இருக்குது' என்றான். பல்லைப் பிடுங்கிய கன்னம் வீங்கியிருந்தாலும் பேச்சுக்குக் குறைவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. சோதனைக்காக நேற்று நான் சிவப்பு போட்டபோது பத்து ஊரில் உடனே மாறியது. ஓர் ஊரில் மட்டும் இருபது நிமிடம் பச்சையாகவே நின்று, அப்புறம் தானாக மாறியது. லைன் மெதுவாக இருந்திருக்கும். தவுசீப்பிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ஆரம்பித்துவிடுவான்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். அங்கே எண்ணெய் கிடைக்கும்தானே?

உங்கள்
கீதாஞ்சலி


தகவல் மையம், அனுமந்தை,
18-11-2006, மத்தியானம்

அன்புள்ள உங்களுக்கு,

இன்று நலம் விசாரித்து எழுத என்னால் முடியவில்லை. போன் லைன்கள் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. லைன் வந்ததும் கூப்பிடுவேன். ஆனால் நான் சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வரப் பத்து நாளாகும். அதற்குள் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரியாது.

நேற்றுச் சாயந்திரம் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது உப்பளத்தில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே மூடியிருந்த உப்பு அம்பாரங்களின் மேல் இன்னொரு வரிசைக் கீற்றுப் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டினார்கள். அளத்தில் கூலி வேலை செய்யும் அம்சவள்ளியக்கா என் பக்கத்து சீட்டில் இருந்தார். 'காத்து சரியில்லம்மா, ராத்திரிக்குள்ள கட்டிடணும்னு கங்காணி சொல்லிட்டாரு' என்றார். இறங்கியதும் மையத்தில் எட்டிப் பார்த்தேன். திரை பச்சை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கு முன்பே, ஐந்தேகால் மணிக்கே, நம் ஊர் லைன் போய்விட்டிருந்தது. ஏழு மணிக்குப் புதுச்சேரியில் சிவப்பு போட்டிருக்கிறார்கள். அது இங்கே வரவே இல்லை. ஊரில் கரண்டும் இல்லாததால் டிவி செய்தியும் இல்லை. பேட்டரியில் ஓடிய மையத்துத் திரை ஒன்றுதான் ஊருக்கு இருந்தது.

விடியற்காலையில் பூவிழி வந்து நான் சொல்லிக்கொடுத்தபடியே பார்த்திருக்கிறாள். பச்சை, கடிகாரமும் ஓடுகிறது. போகலாம் என்று மைக்கில் சொல்லிவிட்டாள். அத்தை சரத்தைத் தடுத்தார். 'வாடை ஏறி அடிக்குதுடா, இன்னைக்கி வேணாம்' என்றார். அவன் என்னைப் பார்த்து, 'என்ன அண்ணி?' என்று கேட்டான். நான் பாயிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. பச்சைதானே, போய்ட்டு வா என்று சொன்னேன். சொன்னது நான்தான்.

ஏழு படகு போயின.

காலை ஏழு மணிக்கு மழையில் நனைந்துகொண்டு தவுசீப் பைக்கில் வந்தான். நேற்று ஐந்தேகாலுக்குப் பிறகு அனுமந்தையிலிருந்து சர்வருக்கு ஒரு கேள்விகூட வரவில்லை என்பதை ஆபீசில் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறான். 'ஊர்ல யாரும் கடலுக்குப் போகலியேக்கா?' என்றுதான் முதலில் கேட்டான். நான் அவனை மையத்துக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன். அவன் சுவரிலிருந்து போன் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கச் சொன்னான். திரை பச்சையாகவே இருந்தது. கடிகாரம் நொடி நொடியாக ஓடியது. அது இங்கே இருக்கும் கம்ப்யூட்டரின் நேரத்தை எடுத்துத்தான் ஓடுகிறது. சர்வருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அழகுக்கு வைத்ததை நான் ஊருக்கு அடையாளமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

என் பழைய ப்ரோக்ராம் லைன் போனால் கூச்சல் போட்டுவிட்டுச் சாகும். இது செத்த பிறகும் சிரித்த முகமாக இருந்திருக்கிறது. காலியாக விட்ட அந்த இடத்தில் நான்கு வரி எழுதியிருந்தால் போதும், திரை கறுத்திருக்கும். அந்த நான்கு வரியை ஒரு மாதமாக நான் எழுதவில்லை. எனக்குப் பழகிய முகம் மாதிரி இருக்கிறது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். தவுசீப் இதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருக்கிறது.

ஐந்து படகு பதினோரு மணிக்குள் வந்துவிட்டன. சரத்தின் படகும் இன்னொன்றும் வரவில்லை. கடைசியாக வந்தவர்கள் நம் படகைப் பார்த்திருக்கிறார்கள். இன்ஜின் நின்றுவிட்டதாம். கயிறு வீசினார்களாம், அலையில் இரண்டு முறையும் பிடிக்க முடியவில்லையாம். 'கையை ஆட்டிட்டுத்தான் இருந்தான்' என்று சொல்கிறார்கள். தவுசீப் மரக்காணம் போய் போலீசில் சொல்லிவிட்டு வந்தான். இந்தக் காற்று குறைந்தால்தான் தேட முடியுமாம்.

ஊரில் எல்லாரும் போன் லைனைத் திட்டுகிறார்கள். சுப்ராயன் சாரும் வந்து, 'லைன் போனதுக்கு நீ என்னம்மா பண்ணுவ' என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். லைன் போனது என் தப்பில்லைதான். அதற்குப் பிறகும் அது பச்சை காட்டியது என் தப்பு. இது இப்போது எனக்கும் தவுசீப்புக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும். நாளைக்கு ஊர்க்கூட்டத்தில் நானே சொல்லப் போகிறேன். மற்ற பத்து ஊரிலும் அதே பக்கம்தான் ஓடுகிறது. அதை எடுக்கத் தவுசீப்பை இப்போதே அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தையும் அவன் வழியில் போட்டுவிடுவான்.

அத்தை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அழவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'உன் பொட்டி பச்சன்னுதானே சொல்லிச்சு. அப்ப வந்துடுவான்' என்றார். நான் தலையை ஆட்டினேன். இந்த ஜென்மத்தில் நான் செய்த பெரிய பாவம் எது என்று கேட்டால், அந்தத் தலையாட்டலைத்தான் சொல்வேன்.

உங்களை வரச் சொல்லி நான் எழுதவில்லை. அப்படி எழுத என் கை வராது. ஆனால் உங்கள் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது என்று சொன்னீர்கள் அல்லவா? ஏதாவது காரணம் சொல்லி அதைக் கேட்டு வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். வேறொன்றுமில்லை, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கீதாஞ்சலி