கேஷில் நின்ற பழைய ஆழம்

வெள்ளிக்கிழமை, இரவு.

நாங்கள் செய்த ஆழங்காட்டியை நம்பி அந்தோனி அண்ணை இன்று முல்லைத்தீவின் கடலோரக் களப்பில் வள்ளத்தை ஓட்டினார். திரை ஒன்பது அடி என்றது. வள்ளமோ மணலில் ஏறி நின்றது. இறங்கித் தள்ளினோம்.

கருவியின் வன்பொருளோடு நேரே பேசும் கேர்னல் பகுதி என் கூட்டாளி நிஸ்தார் எழுதியது, திரையில் காட்டும் நிரல் என்னுடையது. இரண்டுக்கும் பொதுவான மெமரியில் ஆழம் பதிவாகும். கரையில் மடிக்கணினியைத் திறந்து பார்த்தோம். கேர்னல் இரண்டு அடி என்று சரியாகவே எழுதியிருந்தது. ஆனால் புரொசசர் தன் கேஷில், அதாவது கைக்கெட்டும் தற்காலிக நினைவில், வைத்திருந்த பழைய பிரதியையே என் நிரலுக்குக் கொடுத்திருக்கிறது. புதியதை எழுதியதும் பழைய பிரதியை விலக்கும் கட்டளையை நிஸ்தார் எழுதாமல் விட்டிருந்தார்.

“மணல்தானே தம்பி, விடுங்கோ,” என்றார் அண்ணை.

“கல்லா இருந்தா, அண்ணை?” நிஸ்தாரின் குரல் இறங்கிவிட்டது.

கட்டளையைச் சேர்த்து மறுபடி ஓடினோம். அதே இடத்தில் திரை இரண்டு அடி காட்டியது. ஆனாலும் திரும்பும் வவுனியா பஸ்ஸில் நிஸ்தார் மடிக்கணினியில் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குத் தாங்கவில்லை.

“எங்கட வீட்டுக் கிணத்திலதானே சோதிச்சனாங்கள். அங்க பழைய ஆழமும் புது ஆழமும் ஒண்டுதான். ஆருக்குப் பிடிபட்டிருக்கும்?” என்றேன்.

நிஸ்தார் மடிக்கணினியை மூடினார்.

“அப்ப நாளைக்கும் களப்புக்கே போவம்,” என்றார்.