2060-க்கு முன் இல்லை

27 டிசம்பர் 2060, 22:40
செவ்வாய், பெத்தேல் குடியிருப்பு. ஆட்கள் 41. ஆக்ஸிஜன் 20.8. அழுத்தம் சரி.
நான் ஹெப்சிபா, ஒன்பதாம் வகுப்பு. காற்று ஆலையை நடத்துவது அப்பா. தினமும் அவர் சொல்லச் சொல்ல அளவுகளைக் குறிப்பது என் வேலை. இந்த நோட்டு மட்டும் யாருக்கும் தெரியாது, போர்வைக்குள் எழுதுகிறேன்.
புது வருட ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதில் இருக்கும் வசனம் வருடம் முழுக்க நமக்கு. இந்த முறை அட்டை அச்சடிக்கவில்லை. 2061 இல்லையாம்.

28 டிசம்பர், 23:05
போதகர் ஞானதுரை ஐயா ஒலிபெருக்கியில்: "புவியீர்ப்பக் கண்டுபிடிச்ச நியூட்டனே தானியேல் புஸ்தகத்தக் கணக்குப் போட்டு உலக முடிவு 2060-ன்னு எழுதி வெச்சிருக்காரு. வெள்ளி ராத்திரி பன்னெண்டுக்குக் காற்று ஆலைய நிப்பாட்டுறோம். ஓட விட்டா அவிசுவாசம்."
வெளியே மூச்சுவிடக் காற்று கிடையாது. ஆலை நின்றால் உள்ளேயும் சில மணி நேரம்தான்.
எல்லாரும் ஆமென் சொன்னார்கள். தம்பி பென்னியும். அவனுக்கு ஐந்து வயது.

29 டிசம்பர், 23:50
நூலகக் கணினியில் நியூட்டனின் அந்தக் கைப்பிரதியைத் தேடிப் படித்தேன். கி.பி. 800-உடன் தானியேல் கணக்கின் 1260 வருடங்களைக் கூட்டியிருக்கிறார். சரி. ஆனால் அதற்குப் பிறகும் ஆகலாம், அதற்கு முன் உலகம் முடியக் காரணம் தெரியவில்லை என்றுதான் சொல்கிறார். நாள் குறிப்பதற்காக அல்ல, ஓயாமல் நாள் குறிப்பவர்களின் வாயை அடைக்கவே இதைச் சொல்வதாகவும் அடுத்த வரியில் இருக்கிறது. அடுத்த வரி! ஒரு வரி கீழே பார்க்க நாற்பது பேரில் ஒருவருக்கும் கண் இல்லையா?

30 டிசம்பர், 22:15
ஐயாவிடம் படித்துக் காட்டினேன். உடனே ஒலிபெருக்கியைப் போட்டார்: "நியூட்டனுக்கே கணக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டா நம்ம ஹெப்சி! ஏட்டி, அரையாண்டுல கணக்குக்கு எத்தன மார்க்கு?"
சிரித்தார்கள். முப்பத்தெட்டு. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
அப்பா சிரிக்கவில்லை. ஆலையின் மீட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதுதான் எரிகிறது. ஆலை நின்றால் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

31 டிசம்பர், 23:20
ஆலைக்குள் இருக்கிறேன். தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.
அப்பா, இண்டர்காமில்: "மக்ளே, கதவத் தொற. எல்லாரும் பாத்துட்டு நிக்காவ. என் மானத்த வாங்காத."
மானம்! பென்னியின் மூச்சைவிடவா?

1 ஜனவரி 2061, 00:09
ஆக்ஸிஜன் 20.8. உலகம் முடியவில்லை. 2061, 2061 என்று இண்டர்காமில் கத்தினேன்.

00:17
ஐயா: "முடிவு எப்படி வரும்? ஆலை ஓடுதே! அந்தப் பிள்ளதான் தடுத்து வெச்சிருக்கா. தங்கராஜ், கதவ அறுத்துரு."
அப்பா: "சரிங்கய்யா."

00:26
கட்டர் சத்தம். தாழ்ப்பாள் சிவக்கிறது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று அப்பாவுக்குச் சரியாகத் தெரிகிறது.
இதைக் கண்டெடுப்பவரே, அடுத்த வரியையும் படியுங்கள்.

00:58
அப்பா உள்ளே வந்து ஆலையை நிறுத்திவிட்டார். ஆக்ஸிஜன் 20.5.
"குறிச்சுக்க மக்ளே" என்கிறார் அப்பா, வழக்கம்போல.