சான் இக்னாசியோ, இதோ இங்கதான்

பிப்ரவரி 9

விடாத மழை. மமோரே ஆறு கரை மீறி, திரினிடாட் போகும் சாலை தண்ணீருக்கடியில் கிடக்கிறது. இனி ஏப்ரல் வரை எங்களுக்கு விமானம்தான் பேருந்து. சாந்தா குரூஸிலிருந்து ஆசிரியையாக இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும், அந்தக் குட்டி விமானம், தகர டப்பா, அதில் ஏற இன்னும் பயம்தான். இன்று திரினிடாடில் ஏறும்போது எவ்வளவு தூரம் என்று விமானி யர்மிலாவிடம் கேட்டுவைத்தேன். "இதோ, இங்கதான்" என்றாள். இருபத்தைந்து நிமிடம் ஆனது. போன மாதம் இரண்டு மணி நேரப் பயணத்துக்கும் இதையேதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து புலம்பினால் என் கணவர் ஃப்ரெடிக்குச் சிரிப்பு. "நிலாவுக்குக் கூட்டிட்டுப் போனாலும் கேப்டன் அதத்தான் சொல்லுவாங்க."

பிப்ரவரி 11

வாழைக்காயும் உப்புக்கண்டமும் இடித்துச் செய்த மசாக்கோ அடிப்பிடித்துவிட்டது. அப்படியே தின்றோம்.

பிப்ரவரி 14

மாடு தேடிப் போன ஃப்ரெடியைப் பாம்பு கடித்துவிட்டது. முழங்கால் வரை வீக்கம். வெள்ளத்தில் இந்த மாதம் கடிபட்டவர்கள் அதிகம். விஷமுறிவு மருந்து இங்கே தீர்ந்துவிட்டது, திரினிடாடிலும் இல்லை. சாந்தா குரூஸிலிருக்கும் அண்ணன் ஓல்வரிடம், சான் இக்னாசியோவுக்கு மருந்து அனுப்பச் சொல்லி ஃபோனில் அழுதேன். காலை முதல் விமானத்தில் அனுப்புகிறேன் என்றான். நாளை இருட்டுவதற்குள் வந்தால் பிழைப்பார் என்கிறார் டாக்டர். வராவிட்டால்?

பிப்ரவரி 15

மருந்து வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டதே என்கிறான் அண்ணன். எங்கே? சான் இக்னாசியோவில்தான் — ஆனால் பிரேசில் எல்லைப் பக்கத்து சான் இக்னாசியோ தே வெலாஸ்கோவில்! "நீதானேடி சான் இக்னாசியோன்னு சொன்ன? விமானக் கவுண்டர்லயும் அதையே சொல்லிட்டேன்." சொன்னேன்தான். சாந்தா குரூஸ்காரர்களுக்கு அந்தப் பேர் என்றால் வெலாஸ்கோ. இங்கே எங்களுக்கு எங்கள் ஊர், சான் இக்னாசியோ தே மோஹோஸ். நானும் சாந்தா குரூஸில் பிறந்தவள்தானே, எப்படி மறந்தேன்? எப்போ நான் இந்த ஊர்க்காரியா ஆனேன்?

யர்மிலா திரினிடாடில் இருந்தாள். அங்கிருந்து வெலாஸ்கோவுக்கு இரண்டு மணி நேரம். வெலாஸ்கோவிலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டரை, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், வழியெல்லாம் மேகம். எங்கள் ஓடுதளத்தில் விளக்கு கிடையாது. ஃபோனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன், போய்வரச் சொல்லி எப்படிக் கேட்பது? அவளே சொன்னாள்: "அழாதீங்க டீச்சர். வெலாஸ்கோ என்ன, இதோ இங்கதான்."

இப்பவும் இதையா என்று பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் அவள் குரல் காதில் ஏறியது. அதில் சிரிப்பில்லை. அது தூரத்தைச் சொல்ற வார்த்தையே இல்ல. போய்ட்டு வரேன்னு சொல்றா. எவ்வளவு தூரமானாலும் வரேன்னு.

மாலை

வெளிச்சம் மங்கி, மேற்கே ஒரு கோடு மட்டும் சிவப்பாக மிஞ்சியிருந்தபோது மேகத்துக்குள்ளிருந்து அந்தத் தகர டப்பா வந்தது. சேற்றைச் சிதறடித்துக்கொண்டு நின்றது. எவ்வளவு அழகான விமானம் அது! யர்மிலா இறங்குவதற்கு முன்பே பெட்டியை நீட்டினாள், டாக்டர் வாங்கிக்கொண்டு ஓடினார். அவள் இறங்கி இறக்கையில் சாய்ந்துகொண்டாள். வழி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"தூரம், டீச்சர்" என்றாள். "ரொம்பத் தூரம்."

அவளைக் கட்டிக்கொண்டேன். இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 2

மழை விட்டிருக்கிறது. ஃப்ரெடி இன்று கட்டிலிலிருந்து எழுந்து, ஊன்றுகோலோடு வாசல்வரை வந்துவிட்டார். அங்கிருந்து வேலிக் கதவைப் பார்த்து மலைத்துப்போய் நின்றார். அது வரைக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் டெல்சி என்று கேட்டார்.

"இதோ, இங்கதான்" என்று சொல்லிக் கையைப் பிடித்தேன்.