வாய் ஒன்று, வசனம் ஒன்று

என் செல்ல எருமை செல்வினுக்கு,

நம் படம் மறுபடி வந்திருக்கிறது. கன்டோன்மென்ட் பக்கத்துத் தியேட்டரில், இந்த வாரம் காலைக் காட்சி மட்டும். இத்தாலிக்காரர்கள் எடுத்த அதே கௌபாய் படம், அதே தேய்ந்த பிரிண்ட். உதட்டசைவும் இங்கிலீஷ் வசனமும் இன்னும் ஒட்டவில்லை.

எனக்கு அது எரிச்சல். உனக்கு அதுதான் கொண்டாட்டம். "வாய்க்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லடா, நாம என்ன வேணா பேசிக்கலாம்" என்று படம் முழுக்கத் தமிழில் டப்பிங் பேசுவாய். பின்சீட்டுக்காரர்கள் கன்னடத்தில் திட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே சிரிப்பார்கள்.

இந்தமுறை உன் அம்மாவோடு போனேன். அவரே கேட்டார். உன்னை அடக்கம் செய்த பிறகு ஆன்ட்டி சர்ச்சுக்குத் தவிர எங்கும் போனதில்லை, சிரித்ததும் இல்லை. லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வழியெல்லாம் நீ வீட்டில் சொன்ன கதையை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் ஹீரோ எல்லாரையும் சுட்டுவிட்டு அம்மாவிடம் போவானாம். அவள் கோழிக் குழம்பு வைத்திருப்பாளாம். எந்தப் படத்தில்டா அது? இதில் அவனுக்கு அம்மாவே கிடையாது.

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது, உனக்கே தெரியும். ஆனாலும் டிராஃபிக் சத்தத்தைச் சாக்காக வைத்து வாயைத் திறக்கவில்லை.

உள்ளே ஒவ்வொன்றுக்கும் "என்ன சொல்றான்?" என்றார். துப்பாக்கியைக் கீழே போடச் சொல்கிறான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். "செல்வின் சொன்னா சிரிப்பு வரும்பா" என்றார். பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டார். கூட்டி வந்திருக்கவே கூடாதோ?

கடைசிச் சண்டை முடிந்தது. அவன் குதிரையேறி வெட்டவெளியில் தனியாகப் போகிறான். ஆன்ட்டி என் கையைப் பிடித்தார்.

"எங்கப்பா போறான்?"

எங்கேயும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "வீட்டுக்கு ஆன்ட்டி. கோழிக் குழம்பு ஆறுதுன்னு அவங்கம்மா கத்துறாங்களாம்."

சத்தமாகச் சிரித்தார், செல்வின். பின்சீட்டிலிருந்து ஒருவர் கன்னடத்தில் திட்டினார்.

வெளியே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "எனக்குக் கண்ணு நல்லாத்தான்பா தெரியுது. அங்க ஒரு வீடும் இல்ல. அவனும் இப்படித்தான் புளுகுவான்."

நாளைக்கும் போகிறோம். துப்பாக்கியைக் கீழே போடும் இடத்துக்கு இன்னும் நல்ல வசனம் சிக்கவில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய்? சரி விடு, நானே யோசிக்கிறேன். ஆன்ட்டி கேட்டால் இனி உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டேன். சத்தியம்.

கோழிக் குழம்பில் உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிடும்
உன் மச்சான்,
பாபு